கொழும்புக் குசினியில் காஸ் அடுப்பு: குறைந்த செலவும் கூடிய வினைத்திறனும்

கொழும்பு வீடுகளில் எரிவாயு எரியும் இடம் குசினி ஒன்றுதான். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் ஏழாம் மாடியிலும் சரி, கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியின் பழைய வீட்டிலும் சரி, காலைத் தேநீருக்குக் கேத்தல் ஏறுவது அதே நீலச் சுவாலையின் மேல்தான். அந்தச் சுவாலையைத் தரும் காஸ் குக்கரை வாங்கப் போகும் குடும்பம் முதலில் பார்ப்பது மேற்பரப்பின் பளபளப்பு, அடுத்தது விலைச் சீட்டு. இரண்டும் அடுப்பின் உண்மையான செலவைச் சொல்வதில்லை. அடுப்புக்குக் கொடுக்கும் பணம் ஒருமுறை போகிறது. அதில் எரியும் வாயுவுக்குக் கொடுக்கும் பணம் பத்து ஆண்டுகளுக்கு மாதாமாதம் போகிறது. சிலிண்டரில் இருக்கும் வெப்பத்தில் எவ்வளவு பாத்திரத்துக்குள் சேர்கிறது, எவ்வளவு குசினியின் காற்றைச் சூடாக்கிவிட்டு யன்னல் வழியே போகிறது என்பதுதான் மலிவான அடுப்பு எது என்பதைத் தீர்மானிக்கிறது.

கணக்கை விலையிலிருந்து தொடங்கலாம். 2021 ஒக்டோபர் வரை கொழும்பில் லிட்ரோ நிறுவனத்தின் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 1,493 ரூபா. விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் அது ஒரே தாவலில் 2,750 ரூபாவானது. 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவைத் தொட்டது. அந்த விலைக்கும் சிலிண்டர் கிடைக்காமல், கொழும்பின் சந்திகளில் வெற்றுச் சிலிண்டர்களை வரிசையாக நிறுத்திவிட்டு மக்கள் வெயிலில் காத்திருந்த மாதங்கள் அவை. பின்னர் ஏறியும் இறங்கியும், 2024 யூலையில் 3,690 ரூபாவில் நின்றது. இங்கு வரும் கணக்குகள் எல்லாம் அந்த விலையில் போடப்பட்டவை. சவூதி அரம்கோ மாதந்தோறும் அறிவிக்கும் வாயு விலையும் டொலரின் பெறுமதியும் மாறும்போது இந்த எண்களும் மாறும். விகிதங்கள் மாறமாட்டா.

ஒரு கிலோ திரவ பெற்றோலிய வாயு எரியும்போது ஏறத்தாழ 46 மெகாயூல் வெப்பம் வெளிப்படுகிறது. 12.5 கிலோவுக்கு அது 575 மெகாயூல். மின்கட்டணப் பட்டியலின் அலகில் சொன்னால் ஏறத்தாழ 160 அலகு. நாலைந்து பேர் உள்ள வீட்டில் ஒரு சிலிண்டர் 45 நாட்களுக்கு வருகிறது என்று கொண்டால், ஆண்டுக்கு 8 சிலிண்டர், 29,520 ரூபா. அந்த வீட்டின் அடுப்பு வெப்பத்தில் 55 சதவீதத்தைப் பாத்திரத்துக்குச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதே சமையலை 68 சதவீதம் சேர்க்கும் அடுப்பில் செய்தால் வாயுச் செலவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆண்டுக்கு 5,600 ரூபாவுக்குச் சற்று மேல் மிஞ்சும். நல்ல அடுப்புக்குக் கூடுதலாக 10,000 ரூபா கொடுத்திருந்தாலும் இரண்டு ஆண்டுக்குள் அது திரும்பி வந்துவிடும். மறுபக்கமும் உண்டு. தனி ஆள் தேநீருக்கும் ஒருவேளைச் சமையலுக்கும் மட்டும் பாவித்து, ஆண்டுக்கு இரண்டே சிலிண்டர் முடிக்கும் அறையில் அதே 10,000 ரூபா திரும்ப ஏழு ஆண்டு செல்லும். அந்த ஆளுக்குச் சாதாரண அடுப்பே சிக்கனம். ஆகவே எந்த அடுப்பு என்ற கேள்விக்கு முன்னால், வீட்டுக்கு ஆண்டுக்கு எத்தனை சிலிண்டர் என்ற கேள்வி வருகிறது. புதிய சிலிண்டர் பொருத்தும் திகதியை அதன் தோளில் வெண்கட்டியால் எழுதிவைக்கும் வீட்டுக்கு மூன்று சிலிண்டருக்குள் விடை தெரிந்துவிடும்.

55, 68 என்ற எண்கள் சும்மா எடுத்தவை அல்ல. இந்தியாவின் ஐ.எஸ். 4246 என்ற தரநியமம் வீட்டுக் காஸ் அடுப்புக்குக் குறைந்தது 68 சதவீத வெப்ப வினைத்திறனைக் கேட்கிறது. அதற்கு மேல் எவ்வளவு என்பதை அந்நாட்டின் நட்சத்திரக் குறியீடு காட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2019 முதல் 55 சதவீதத்துக்கு மேல் இருந்தால் போதும் என்கிறது. இரண்டு சோதனை முறைகளும் வேறுவேறு என்பதால் இந்த எண்களை நேருக்கு நேர் நிறுத்தி, ஐரோப்பிய அடுப்பு மட்டம் என்று முடிவு கட்டக்கூடாது. ஒரே முறையில் சோதிக்கப்பட்ட இரண்டு அடுப்புகளைத்தான் ஒப்பிடலாம். கொழும்புக் கடைகளில் இந்தியத் தயாரிப்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன. பெட்டியின் பக்கவாட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 4246 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். முத்திரை இல்லாமல், வினைத்திறன் எண்ணும் இல்லாமல், ‘சுப்பர் சேவர்’ என்ற எழுத்து மட்டும் உள்ள பெட்டிக்கு அந்த ஒரு நிமிடமும் வீண்.

வெளிநாட்டில் உள்ள உறவினர் வீட்டு உலைகளைப் பற்றிய பேச்சு இங்கே அடிக்கடி குழப்பத்தை உண்டாக்குகிறது. ரொறன்ரோவில் ஸ்காபரோப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு உலை இருக்கும். அதன் மேல் 95 அல்லது 96 சதவீதம் என்று எழுதியிருக்கும். கனடாவில் 2019 முதல் புதிய வீட்டு உலைகளுக்கு 95 சதவீதம் கட்டாயம். அப்படியென்றால் குசினி அடுப்பு ஏன் எழுபதைத் தாண்டத் திணறுகிறது? உலையில் சுவாலை மூடிய அறைக்குள் எரிகிறது. புகையை நீண்ட குழாய்களில் சுற்றவிட்டு, அதிலுள்ள நீராவி நீராக ஒடுங்கும் வரை குளிரவைத்து, கடைசி வெப்பத்தையும் உறிஞ்சுகிறார்கள். கைபொறுக்கும் சூட்டில் வெளியேறும் அந்தப் புகைக்குப் பிளாஸ்ரிக் குழாயே போதும். சமையல் அடுப்போ திறந்த வெளியில் எரிவது. சுவாலையின் சூடான வாயு பாத்திரத்தின் அடியைத் தொட்டு, பக்கங்களில் வழுக்கி, மேலே போய்விடும். திறந்த அடுப்பில் 90 சதவீதம் என்று எவரேனும் விற்றால் அது நம்பத்தக்கதல்ல.

அடுப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது தெளிவாகும். ரெகுலேற்றர் சிலிண்டரின் அமுக்கத்தை 28 முதல் 30 மில்லிபாராகக் குறைக்கிறது. வாயு ரப்பர் குழாய் வழியே வந்து, ஜெற் எனப்படும் சிறு பித்தளைத் துளையால் பீறிடுகிறது. பீறிடும் வேகத்தில் பக்கத்திலுள்ள காற்றை இழுத்துக்கொண்டு கலவைக் குழாய்க்குள் போகிறது. அங்கே நன்றாகக் கலந்து பேர்னரின் துளைகளில் எரிகிறது. சிலிண்டர் வாயுவில் கலந்துள்ள புரொப்பேன் ஒரு பங்கு முழுதாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்றும், பியூட்டேனுக்கு 31 பங்கு காற்றும் வேண்டும். காற்றுப் போதாவிட்டால் சுவாலை மஞ்சளாகும், சட்டியின் அடியில் கரி பிடிக்கும், காபனோரொட்சைட்டு உண்டாகும். கரி பிடித்த சட்டியைத் தேய்ப்பது ஒரு தொல்லை மட்டும்தான். காபனோரொட்சைட்டு மணமும் நிறமும் இல்லாத நஞ்சு.

அந்த ஜெற்றின் துளை மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கில் கணக்கிடப்படுகிறது. சிறிய பேர்னருக்கு 50, நடுத்தரத்துக்கு 65, பெரியதற்கு 85 என்றவாறான எண்கள் அதன் முகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அதாவது 0.50, 0.65, 0.85 மில்லிமீற்றர். அடைத்துக்கொண்ட ஜெற்றை ஊசியால் குத்தித் திறப்பது எங்கள் வீடுகளில் காணும் வழக்கம். பித்தளை மென்மையான உலோகம். ஊசி 0.65 துளையை 0.70 ஆக்கிவிட்டால் துளையின் பரப்பு 16 சதவீதம் கூடும், வாயுவும் அந்தளவு கூடப் போகும், இழுக்கப்படும் காற்று அதற்கு ஈடாகாது. ஒரு ஊசிக் குத்து, வாங்கும்போது தேடிப் பெற்ற வினைத்திறனை ஒரே நாளில் அழித்துவிடும். ஜெற்றைக் கழற்றி மண்ணெண்ணெயிலோ சவர்க்கார நீரிலோ ஊறவிட்டு ஊதுவது சரியான முறை. அதிலும் போகாவிட்டால் அதே எண்ணுள்ள புதிய ஜெற் வாங்குவதே மலிவு.

ஜெற்றின் அளவு இன்னொரு வகையிலும் கொழும்பு வீடுகளைப் பாதிக்கிறது. ஐரோப்பாவிலிருந்து திரும்பும் உறவினர் வீட்டுச் சாமான்களோடு அழகான நாலு பேர்னர் குக்கரையும் கொண்டுவருவதுண்டு. அங்கே தெருக்குழாயில் வருவது இயற்கை வாயு. அதன் வெப்பப் பெறுமதி கன அளவுக்குக் கணக்கிட்டால் நம் சிலிண்டர் வாயுவின் பாதிக்கும் குறைவு, ஆகவே அந்த அடுப்பின் ஜெற் பெரிய துளையோடு வரும். அதை அப்படியே நம் சிலிண்டரில் பொருத்தினால் சுவாலை மஞ்சளாக ஒரு சாண் எழும். சிலிண்டர் வாயுவுக்குரிய ஜெற் தொகுதியை மாற்றிய பிறகே அதைப் பற்றவைக்கலாம். தொகுதி கிடைக்காத குக்கர், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், இங்கே பயனற்றது.

பேர்னரின் தலை பித்தளை, வார்ப்பிரும்பு, அலுமினியம் ஆகியவற்றில் வருகிறது. கனமான பித்தளைத் தலையின் துளைகள் துல்லியமாகக் குடையப்பட்டிருக்கும். சோற்றுக் கஞ்சி வழிந்தாலும் கழுவித் துடைத்தால் பழைய நிலைக்கு வரும். வார்ப்பிரும்பு மலிவு, சூட்டைத் தாங்கும். ஆனால் வெள்ளவத்தையில் மரைன் டிரைவை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று அதை விரைவில் கறள் பிடிக்கவைத்துத் துளைகளை அடைக்கும். மெல்லிய அலுமினியத் தலை சில ஆண்டுகளில் வளைந்து, உடலோடு சரியாகப் பொருந்தாமல், ஓரத்தில் சுவாலை கசியும். கடையில் தலையைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்க்கக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. பாரமும், துளைகளின் சீரும், மீண்டும் வைக்கும்போது ஆடாமல் அமர்வதும் விளம்பரத் தாளைவிட அதிகம் சொல்லும்.

பேர்னரின் வலுவைப் பற்றி ஒரு பொதுவான மயக்கம் உண்டு. கூடிய கிலோவாற்று உள்ள அடுப்பே நல்ல அடுப்பு என்று நினைப்பது அது. 3 கிலோவாற்று பேர்னர் முழு வீச்சில் மணிக்கு ஏறத்தாழ 235 கிராம் வாயு குடிக்கும். ஒன்றரைக் கிலோவாற்று பேர்னர் அதன் பாதி. பெரிய சுவாலை தண்ணீரை விரைவில் கொதிக்கவைப்பது உண்மை. ஆனால் 18 சென்ரிமீற்றர் பாத்திரத்தின் அடியில் அது விளிம்பைத் தாண்டிப் பக்கங்களில் ஏறும். ஏறிய சுவாலையின் பெரும்பகுதி வெப்பம் வீண். சுவாலையின் நுனி பாத்திரத்தின் அடிக்குள் அடங்க வேண்டும் என்பதே அளவு. நாலைந்து பேர் சமைத்துச் சாப்பிடும் வீட்டுக்கு நடுத்தரப் பேர்னர் ஒன்றும் சிறியது ஒன்றும் போதும். கல்யாணச் சமையல் அளவுக்குத் தாச்சி ஏற்றும் வீட்டுக்கு மட்டுமே மூன்றாவதாகப் பெரிய பேர்னர் பொருள் தரும். நாலு பேர்னரும் ஒரே நேரத்தில் எரியும் குசினி கொழும்பில் அபூர்வம். பாவிக்காத இரண்டுக்கும் சேர்த்தே விலை கொடுக்கப்படுகிறது.

சிறிய பேர்னரைக் கடையில் எவரும் சோதிப்பதில்லை. அதைத்தான் முக்கியமாகச் சோதிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சமையலில் வாயு அதிகம் செலவாவது கொதிவந்த பிறகு. பருப்பு வேகும் நேரம், பாற்கறி தளதளவென்று நிற்கும் நேரம், பிட்டு அவியும் நேரம் எல்லாம் அதில் அடங்கும். ஒரு லீற்றர் நீரை 28 பாகை செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 300 கிலோயூல் வேண்டும். அதே ஒரு லீற்றரை முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 2,257 கிலோயூல் வேண்டும், ஏழரை மடங்கு. கொதிக்கும் சட்டியில் பெரிய சுவாலை வைத்தால் சோறோ பருப்போ சீக்கிரம் வேகாது, நீரின் வெப்பநிலை 100 பாகையிலேயே நிற்கும். கூடுதல் வாயு முழுவதும் நீராவியாகக் கூரையைத் தொடும். ஆகவே குமிழைக் கடைசி வரை குறைத்தாலும் அணையாமல் சீராக எரியும் சிறு சுவாலை உள்ள அடுப்பு, முழு வீச்சில் சிறந்த அடுப்பைவிடக் கூடப் பணம் மிச்சம் பிடிக்கும். கடையில் குமிழைக் குறைத்துவைத்து, கையால் மெல்ல விசிறிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்த ஏழரை மடங்குக் கணக்கு மூடியின் பெறுமதியையும் சொல்கிறது. சட்டிக்குச் சரியாகப் பொருந்தும் மூடி எந்த அடுப்பின் எண்ணிலும் இல்லாத வினைத்திறனைச் சேர்க்கிறது. நீத்துப்பெட்டியில் பிட்டு அவிக்கும்போது ஆவி வெளிவரத் தொடங்கியதும் சுவாலையைப் பாதியாக்கலாம். இடியப்பத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே ஆவியில் அவிப்பது நம் பாட்டிமார் விறகுச் சிக்கனத்துக்காகக் கண்ட முறை. காஸ் அடுப்பிலும் அதற்கு ஈடான உத்தி இல்லை. கடலையை இரவே ஊறவைப்பதும் பிரெஷர் குக்கரில் அவிப்பதும் சிலிண்டரின் ஆயுளை நாட்கணக்கில் நீட்டும். மண்சட்டி மீன்குழம்பின் சுவையை எவரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மண் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால், பெரிய சுவாலையில் மண்சட்டியைச் சூடாக்க முயல்வது வாயுவைக் காற்றில் விடுவதே. சட்டி சூடாகும் வரை நடுச் சுவாலை, பிறகு சிறு சுவாலை என்பதே அதற்குப் பொருந்தும்.

காற்றுவாக்கு வெள்ளவத்தைக்கே உரிய சிக்கல். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் எழுந்திருக்கும் தொடர்மாடிகளில், மேற்குப் பார்த்த குசினி யன்னல் திறந்திருந்தால், தென்மேற்குப் பருவக் காற்றில் சுவாலை பாத்திரத்தின் அடியை விட்டு ஒருபக்கம் சாயும். ஆய்வுகூடத்தில் 68 சதவீதம் காட்டிய அடுப்பு அந்தக் குசினியில் அதை எட்டாது. யன்னலை முழுதாக மூடிவிடுவது தீர்வாகாது. காற்றோட்டமில்லாக் குசினி ஆபத்து. அடுப்பை யன்னலுக்கு நேரே வைக்காமல் பக்கச் சுவரோடு நகர்த்துவது, அல்லது யன்னலின் கீழ்ப்பாதியை மட்டும் மறைப்பது போதும். அடுப்பைச் சுற்றி அலுமினியத் தாள் கட்டுவோர் உண்டு. அது பேர்னருக்குப் போகும் காற்றையும் மறித்து, குமிழ்களையும் குழாயையும் சூடாக்கும். அதைச் செய்யவே கூடாது.

கொட்டாஞ்சேனையில் நிலைமை எதிர்மாறு. புதுச்செட்டித் தெருப் பக்கத்துப் பழைய வீடுகளில் குசினி நீளமான வீட்டின் கடைசி மூலையில், சில இடங்களில் யன்னலே இல்லாமல் இருக்கிறது. அங்கே சுவாலை ஆடுவதில்லை, எரிந்த வாயு வெளியேறுவதுமில்லை. அத்தகைய குசினிக்குச் சில ஆயிரம் ரூபா கூடக் கொடுத்து வினைத்திறன் கூடிய அடுப்பு வாங்குவதை விட, அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் சுவரில் வெளியேற்று விசிறி பொருத்தச் செலவிடுவது முதலில் செய்ய வேண்டியது. சிலிண்டர் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமானது; கசிந்தால் தரையோடு தேங்கும். மேலே மட்டும் துவாரம் வைத்த குசினி கசிவுக்குப் பாதுகாப்புத் தராது, கதவின் அடியிலோ சுவரின் அடியிலோ வெளியே போக ஒரு வழி வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது 2021ஆம் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களைத் தவிர்க்க முடியாது. நவம்பரிலும் டிசம்பரிலும் நாடெங்கும் குசினிகளில் வெடிப்புகளும் தீயும் அடுத்தடுத்து நேர்ந்தன. குக்கரின் கண்ணாடி சிதறியது, குழாய்கள் தீப்பற்றின, உயிர்களும் போயின. அப்போதைய சனாதிபதி நியமித்த, மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையிலான குழு, சிலிண்டருக்குள் வாயுக் கலவை மாறியதைப் பிரதான காரணமாகச் சொன்னது. இதன் பௌதிகம் எளிது. பியூட்டேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும். புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையில் கொதிக்கும். கொழும்பின் 30 பாகைச் சூட்டில் தனிப் பியூட்டேனின் ஆவியமுக்கம் ஏறத்தாழ 3 வளிமண்டலம், தனிப் புரொப்பேனுடையது ஏறத்தாழ 11. வெப்பநாட்டில் பியூட்டேன் மிகுந்த கலவை போதும் என்பதும், புரொப்பேன் பங்கு கூடக்கூட ரெகுலேற்றரும் வால்வும் தாங்க வேண்டிய அமுக்கம் கூடும் என்பதும் இதிலிருந்து வருகின்றன. கலவையைச் சரியாக வைத்திருப்பது விநியோகிக்கும் நிறுவனத்தினதும் அதைக் கண்காணிக்கும் அரசினதும் கடமை. எந்தக் குடும்பத்தின் கவனமும் அதற்கு ஈடாகாது. அந்த மாதங்களில் உயிரிழந்தோரின் வீட்டார் அஜாக்கிரதையாக இருந்தார்கள் என்று பேசியது பெரும் அநீதி.

ஆயினும் ரெகுலேற்றரும் குழாயும் கிளிப்பும் குடும்பத்தின் கையில் உள்ளவை. அடுப்பை எவ்வளவு சிக்கனமாக வாங்கினாலும் இந்த மூன்றில் சிக்கனம் பார்க்கக்கூடாது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளதையே வாங்க வேண்டும். ரப்பர் குழாயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நல்ல நிலையில் இருப்பதுபோல் தோன்றினாலும், மாற்ற வேண்டும். இணைப்புகளைச் சோதிக்கத் தீக்குச்சி ஒருபோதும் ஆகாது. சவர்க்கார நுரையைத் தூரிகையால் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். சுவாலை தானாக அணைந்தால் வாயுவை நிறுத்தும் பாதுகாப்புக் கருவி சில அடுப்புகளில் உண்டு. பேர்னருக்குப் பக்கத்தில் நிற்கும் மெல்லிய உலோகக் கம்பி அதன் அடையாளம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதிய தாயும் தகப்பனும் மட்டும் வாழும் தொடர்மாடி வீடுகள் வெள்ளவத்தையில் நிறைய. பால் பொங்கி வழிந்து சுவாலை அணைந்ததை மறந்து அடுத்த அறைக்குப் போய்விடும் வயது அது. அந்த வீட்டுக்கு அடுப்பு வாங்கப் பணம் அனுப்பும் பிள்ளை கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்தக் கருவி இருக்கிறதா என்பதே. வினைத்திறன் அதற்கு அடுத்தது.

கண்ணாடி மேற்பரப்பா, துருவேறா உருக்கா என்பது பெரும்பாலும் தோற்றத்தின் கேள்வி. கண்ணாடி துடைக்க எளிது. ஆனால் கனமான தாச்சி தவறி விழுந்தாலோ, சூடான நிலையில் குளிர்ந்த நீர் பட்டாலோ நொறுங்கும் சாத்தியம் உண்டு. உருக்குப் பழையதாகத் தெரிந்தாலும் பத்து ஆண்டு தாங்கும். பீங்கான் தகடு சிவந்து ஒளிரும் பேர்னர்கள் நல்ல வினைத்திறன் தரக்கூடியவை. ஆனால் சோறு பொங்கி வழியும் குசினியில் அந்தத் தகடு வெடித்துப் போகும். உத்தரவாதக் காலத்தை விட உதிரிப்பாகம் கிடைப்பது முக்கியம். பேர்னர் தலை, குமிழ், ஜெற் மூன்றும் தனித்தனியாகக் கடையில் விற்கப்படுகின்றனவா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

மின்சாரத்தோடு ஒப்பிடாமல் காஸ் அடுப்பின் கணக்கு முடியாது. 2022 மார்ச்சில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலத்தைத் தொட்டபோது, காஸும் இல்லாமல் மின்சாரமும் இல்லாமல் தொடர்மாடிவாசிகள் பட்ட பாடு பெரிது. மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறியவர்களுக்கும் அதே ஆண்டு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறி அடி விழுந்தது. ஒரே எரிபொருளை நம்பியிருப்பது ஆபத்து என்பதை அந்த ஆண்டு காட்டியது. விலையைப் பொறுத்தவரை, 3,690 ரூபா சிலிண்டரில் ஒரு அலகு வெப்பம் 23 ரூபா. 60 சதவீத வினைத்திறனில் பாத்திரத்துக்குள் சேரும் ஒரு அலகு 38 ரூபாவுக்குச் சற்று மேல். இன்டக்‌ஷன் அடுப்பு 85 சதவீதம் சேர்க்கிறது என்று கொண்டால், மின்சாரம் அலகுக்கு ஏறத்தாழ 33 ரூபாவுக்குக் கீழே இருக்கும் வரை அது மலிவு. மேலே போனால் காஸ் மலிவு. மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் உள்ளதால், பட்டியலின் சராசரியைப் பார்க்காமல் வீட்டின் கடைசி அலகுக்கு விழும் விலையைப் பார்க்க வேண்டும். குறைவாக மின்சாரம் பாவிக்கும் வீட்டில் ரைஸ் குக்கரில் சோறும், காஸ் அடுப்பில் கறியும் என்ற பங்கீடு சரியாகவே அமைகிறது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், நாலைந்து பேர் கொண்ட கொழும்புக் குடும்பம் குறைந்த செலவில் வாங்கக்கூடிய நல்ல அடுப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: துருவேறா உருக்கு உடல், இரண்டு பேர்னர், கனமான பித்தளைத் தலைகள், ஒன்று நடுத்தரம், மற்றது மிகச் சிறிதாகக் குறையக்கூடியது, 30 மில்லிபார் சிலிண்டர் வாயுவுக்கான ஜெற், சுவாலை அணைந்தால் வாயுவை நிறுத்தும் கருவி, 68 சதவீதமோ அதற்கு மேலோ என்று சோதிக்கப்பட்டதற்கான முத்திரை. ஆனால் வாங்கக் கிளம்புவதற்கு முன் வீட்டிலுள்ள பழைய அடுப்பை ஒருமுறை கழற்றிக் கழுவிப் பார்க்கவேண்டும். சுவாலை முழுவதும் நீலமாக, சீராக, பாத்திரத்தின் அடிக்குள் அடங்கி எரிந்து, குமிழைக் குறைத்தபோது அணையாமல் நின்றால், அந்த வீட்டுக்குப் புதிய குக்கர் தேவையில்லை. புதிய ரப்பர் குழாய் ஒன்றும் சட்டிகளுக்குப் பொருந்தும் மூடிகளும் போதும்.